பழைய ரேடியோ பாணியில் ஒரு க்விஸ் நடத்துவது எப்படி?

க்விஸ் நடத்துகிறேன் பேர்வழி என்று நூறு ஸ்லைடு தயார் செய்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள், இரண்டு அணி மட்டும் மாறி மாறிப் பதில் சொல்லும், மீதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்திருப்பீர்கள். இதற்கான வைத்தியம் எல்லாம் ரேடியோ காலத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. 1930-களின் நடுவிலிருந்து 1950-களின் கடைசி வரை அமெரிக்காவிலும், ஓரளவு பிரிட்டனிலும், இந்த ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டார்கள். ரொம்ப நல்லதும் செய்தார்கள், நாடாளுமன்ற விசாரணை வரை போன தில்லுமுல்லும் செய்தார்கள். இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஒரு அறையிலோ சின்ன அரங்கிலோ முப்பது நாற்பது பேரை வைத்து க்விஸ் நடத்தப் போகிறவர்களுக்கும், பாட்காஸ்ட்டில் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நடத்துவதற்கு மூன்று பேர் போதும். கேள்வி கேட்க ஒருவர், பதில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர், ஸ்கோரும் கடிகாரமும் பார்த்துக்கொள்ள ஒருவர். மூன்றையும் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம், சண்டை வரும்.

மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கேள்வி முடிந்து பதில் வருவதற்குள் ஐந்து பத்து விநாடி ஓடும். அந்த நேரத்தில் போட்டியில் இல்லாத ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ரேடியோவில் போட்டியாளரின் முகம் தெரியாது, அவர் நகம் கடிப்பது தெரியாது, மௌனம் கொஞ்சம் நீண்டால் கேட்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார். அதனால் அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் அந்தப் பத்து விநாடிக்காகவே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு வடிவமும் அந்த இடைவெளியில் வீட்டில் இருப்பவருக்கு ஏதோ ஒரு வேலை கொடுக்கிறது. உங்களுக்கு எந்த வடிவம் சரிப்படும் என்று பார்க்கும்போது, அந்த வேலை உங்கள் கூட்டத்துக்குப் பிடிக்குமா என்று பாருங்கள். கேள்விகள் அப்புறம்.

முதலில் கேளுங்கள்

கேள்வி தயாரிக்க உட்காருவதற்கு முன்னால் பழைய பதிவுகள் நாலைந்து கேட்டுவிடுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே நிறையக் கிடக்கின்றன. எதில் தொடங்குவது என்றால் ‘இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்’, ‘டேக் இட் ஆர் லீவ் இட்’, ‘யூ பெட் யுவர் லைஃப்’ மூன்றும் போதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ருசி. கேள்விகள் இன்றைக்கு நமக்குப் புரியாது, அந்தக் காலத்து அமெரிக்க நடிகர்கள், பாட்டுகள், அரசியல்வாதிகள். அது நல்லதுதான், கேள்வியில் மனம் போகாது. நடத்துபவர் எங்கே நிறுத்துகிறார், கேள்வியைத் திரும்பச் சொல்கிறாரா, தவறான பதில் வந்தவுடன் என்ன சத்தம் கேட்கிறது, அரங்கில் இருப்பவர்கள் எப்போது கத்துகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப வரலாறு சுருக்கமாக: 1932-ல் ஹூஸ்டனில் ‘வாக்ஸ் பாப்’ என்ற நிகழ்ச்சிக்காரர்கள் தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சாதாரண ஆட்களின் குரல் ரேடியோவில் வருவதே அன்றைக்குப் புதுசு. 1936-ல் கிரெய்க் எர்ல் நடத்திய ‘ப்ரொஃபசர் க்விஸ்’ வந்தது, பரிசுப் பணம் வைத்து நடந்த முதல் முழு க்விஸ் நிகழ்ச்சி என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். அது ஓடியதைப் பார்த்து எல்லோரும் கூடவே இறங்கிவிட்டார்கள், காரணமும் ரொம்ப எளிது. நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம், எழுத்தாளர் கூட்டம் வேண்டாம், சில வெள்ளி டாலர்களும் ஒரு மைக்கும் இருந்தால் அரை மணி நேர நிகழ்ச்சி தயார். உங்களுக்கும் அதே வசதிதான்.

பண்டிதர்களை மாட்டிவிடுவது

என்னைக் கேட்டால் முதல் தடவை நடத்துகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். 1938 மே 17 அன்று என்பிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் ப்ளூ நெட்வொர்க்கில் தொடங்கிய ‘இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்’ நிகழ்ச்சியில் டான் கோலன்பால் க்விஸையே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், மேடையில் உட்கார்ந்திருக்கும் மேதாவிகள் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டுச் செய்தி எழுதுகிற ஜான் கீரன், பத்திரிகைப் பத்தியாளர் ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ், பியானோக் கலைஞர் ஆஸ்கர் லெவன்ட் ஆகியோர் குழுவில், கேள்வி கேட்பவர் கிளிஃப்டன் ஃபாடிமன். கேள்வி தேர்வானால் நேயருக்கு 2 டாலர், மேதாவிகள் திணறிவிட்டால் 5 டாலர். பிறகு தொகை ஏறியது, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா தொகுதிகளும் சேர்ந்துகொண்டன. பதில் தெரியாமல் போகும்போது கடைகளில் உள்ள கல்லாப்பெட்டி திறக்கும் ‘கிளிங்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள்.

இதை நடத்துவது சுலபம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரிடமும் கேள்விச் சீட்டு வாங்கிவிடுங்கள், சீட்டில் பதிலும் அதை எங்கே பார்த்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். தீர்ப்புச் சொல்பவர் அவற்றைச் சரிபார்த்துப் பொறுக்கி எடுக்கட்டும். உங்கள் வட்டத்தில் ‘இவனுக்குத் தெரியாதது எது’ என்று பெயர் வாங்கிய நாலு பேரை மேடையில் உட்கார வையுங்கள். ஒருவர் சினிமா, ஒருவர் விளையாட்டு, ஒருவர் அறிவியல் என்று பிரிந்திருந்தால் நல்லது, ஒருவராவது தைரியமாகத் தப்புத் தப்பாகப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்விகளைப் பல பகுதியாக வைப்பது இந்த நிகழ்ச்சியின் தந்திரம். ஒரே கேள்வியில் மூன்றோ நாலோ கேட்டு, ‘நாலில் மூன்று சொன்னால் போதும்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டு சொல்லிவிட்டு மூன்றாவதற்குத் தவிக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அரங்கில் இருக்கிற எல்லோரும் உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, ‘தலைநகரத்தின் பெயரிலேயே நாட்டின் பெயரும் இருக்கிற நாடுகள் நாலு சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். மெக்சிகோ உடனே வரும், சிங்கப்பூர் வரும், குவைத் வரும், நாலாவதில் ஒரு விவாதமே நடக்கும். அந்த விவாதத்தை வெட்டாதீர்கள். நடத்துபவர் கிண்டலாக ஒரு வார்த்தை போட்டுத் தூண்டிவிடலாம், ஃபாடிமன் அதில் கெட்டிக்காரர்.

இந்த வடிவத்தில் யாருக்கும் அவமானம் கிடையாது. பதில் தெரியாமல் விழிப்பது மேதாவிகள், ஜெயிப்பது கேள்வி அனுப்பிய சாதாரண ஆள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நிறைய இருக்கும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இரட்டிப்பாகும் ஏணி

1940-ல் சிபிஎஸ் ரேடியோவில் வந்த ‘டேக் இட் ஆர் லீவ் இட்’ நிகழ்ச்சியில் முதல் கேள்விக்கு 1 டாலர். அப்புறம் 2, 4, 8, 16, 32, கடைசியில் 64. ஏழே கேள்வி. ஒவ்வொரு படியிலும் ‘கிடைத்தது போதும்’ என்று எடுத்துக்கொண்டு போகலாம், இல்லை அடுத்த கேள்விக்குத் துணியலாம். தவறிவிட்டால் சேர்த்தது எல்லாம் போச்சு. 64 டாலருக்குத் துணிகிறேன் என்று போட்டியாளர் சொன்னவுடன் அரங்கமே சேர்ந்து ‘பின்னால வருத்தப்படுவீங்க!’ என்கிற தோரணையில் கத்தும், அதுவே நிகழ்ச்சியின் முத்திரையாகிவிட்டது. ஆங்கிலத்தில் கஷ்டமான கேள்வி எதையும் 64 டாலர் கேள்வி என்று சொல்லும் பழக்கமே இங்கிருந்து வந்ததுதான்.

கவனியுங்கள், இங்கே இடைவெளி கேள்விக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கேள்வி என்னவென்று தெரியாமலே அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் ‘நானாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்’ என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள். விஷயம் தெரியாதவர்கூட அதில் பங்கெடுக்கலாம். அதனால் அந்த முடிவை அவசரப்படுத்தாதீர்கள். ‘உங்களிடம் இப்போது 32 இருக்கிறது’ என்று நிதானமாகச் சொல்லுங்கள், அரங்கின் பக்கம் திரும்புங்கள், கத்த விடுங்கள்.

டாலருக்குப் பதில் புள்ளிகள் வைத்துக்கொள்ளலாம், சாக்லேட் வைத்துக்கொள்ளலாம். 64 சாக்லேட்டை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மேசையில் வைத்துவிட்டால் புள்ளிப் பலகையே தேவையில்லை. போட்டியாளர் முதலில் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏழு கேள்வியும் அதிலிருந்தே. கேள்வி தயாரிக்கும்போது முதல் மூன்றும் எவருக்கும் தெரிவதாக இருக்கட்டும், 8-க்கான கேள்வியில் லேசாக யோசிக்க வைக்கலாம், 16-லிருந்து உண்மையாகவே கடினமாகட்டும். பெரும்பாலானவர்கள் செய்வது என்னவென்றால் இரண்டாவது கேள்வியிலேயே தங்கள் மேதாவித்தனத்தைக் காட்டிவிடுவார்கள், ஆள் 2 சாக்லேட்டோடு இறங்கிவிடுவார், அதற்கப்புறம் ஏணியில் யாருக்கும் அக்கறை இருக்காது.

ஒரு மாலைக்கு இந்த ஏணியில் நாலைந்து பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதற்கு மேல் போனால் கத்துகிற கூட்டமே அலுத்துவிடும்.

பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்த பதில்

‘ட்வென்டி கொஸ்டின்ஸ்’ 1946-ல் அமெரிக்க ரேடியோவில் வந்தது. செய்தி வாசிப்பாளர் ஃபிரெட் வான் டெவென்டர் தன் குடும்பத்தோடு வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததை அப்படியே குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறு வருடமே பிபிசி அதை எடுத்துக்கொண்டது. விலங்கா, தாவரமா, கனிமமா என்பதை மட்டும் சொல்வார்கள், மீதியை ஆம்-இல்லை கேள்விகள் இருபது கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிபிசி-யில் ஒரு ரகசியக் குரல் பதிலை நேயர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும், குழுவுக்குக் கேட்காது. பதில் தெரிந்துபோனால் சுவாரசியம் போய்விடாதா என்று தோன்றும். போகாது, கூடும். குழு பதிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டுத் தெரியாமல் வேறு பக்கம் திரும்பிப் போகும்போது வீட்டில் இருப்பவர் ‘ஐயோ, அங்கேதான்!’ என்று துடிப்பார்.

1950-ல் சிபிஎஸ் டிவியில் தொடங்கிய ‘வாட்ஸ் மை லைன்’ இதே யுக்திதான். வந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று குழு கண்டுபிடிக்க வேண்டும், டிவி பார்ப்பவர்களுக்கு மட்டும் திரையில் எழுத்தில் காட்டிவிடுவார்கள். குழுவுக்கு ‘இல்லை’ என்ற பதில் வரும் ஒவ்வொரு தடவையும் விருந்தாளிக்கு 5 டாலர், நடத்துபவர் ஜான் டேலி ஒரு அட்டையைப் புரட்டுவார், பத்து ‘இல்லை’ ஆனால் 50 டாலரோடு ஆட்டம் முடிந்தது. இவ்வளவு சொற்பப் பரிசை வைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சி 1967 வரை சிபிஎஸ்-ஸில் ஓடியது. பரிசு பெரிதாக இருந்தால்தான் கூட்டம் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரங்கில் செய்வதற்கு ஒரு வெள்ளை அட்டையும் மார்க்கர் பேனாவும் போதும். குழுவை அரங்கைப் பார்த்து உட்கார வைத்து, அவர்களுக்குப் பின்னால் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். பாட்காஸ்ட் என்றால் குழு ஹெட்போனைக் கழற்றிய பிறகு மெதுவான குரலில் பதிலைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரங்கில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கலாம். அந்தச் சிரிப்பைக் கேட்டே குழு தடம் பிடிக்கும், அதைத் தடுக்க வேண்டாம்.

பஸர் வேண்டும் என்பவர்களுக்கு

இளசுகள் கூட்டம் என்றால் பஸர் இல்லாமல் விடமாட்டார்கள். சரி. 1946-ல் மார்க் குட்சன் உருவாக்கிய ‘வின்னர் டேக் ஆல்’ நிகழ்ச்சியில்தான் இரண்டு போட்டியாளர்கள் நேருக்கு நேர் நின்று முதலில் அழுத்தியவர் பதில் சொல்வது, ஜெயித்தவர் அடுத்த ஆளோடு மோத அங்கேயே நிற்பது என்பதெல்லாம் நிலைத்தது. ஒருவருக்கு மணி, இன்னொருவருக்கு பஸர் கொடுத்திருந்தார்கள். ரேடியோவில் யார் அழுத்தினார் என்று பார்க்க முடியாதே, சத்தத்தை வைத்தே தெரிய வேண்டும். இன்றைக்கு ஒரே மாதிரி ‘பீப்’ அடிக்கும் நாலு பஸரை வாங்கி வைத்துவிட்டு ‘யார் முதலில், யார் முதலில்’ என்று அடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் வேறு வேறு சத்தம் கொடுங்கள், சைக்கிள் பெல், விசில், தட்டு, எதுவாக இருந்தாலும் சரி. கண்ணை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொல்லலாம்.

அணிகளாக நடத்துவதற்கு ‘காலேஜ் பௌல்’ முறை இன்னும் அடிச்சுக்க ஆளில்லை. 1953-ல் ஆலன் லடன் நடத்தி ரேடியோவில் தொடங்கியது, 1959-ல் டிவிக்குப் போனது, பிரிட்டனில் 1962-ல் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ ஆனதும் இதுவேதான். முதல் கேள்வி இரு அணிக்கும் பொது, தனி ஆளாக அழுத்திப் பதில் சொன்னால் 10 புள்ளி. அதைச் சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் போனஸ் கேள்வி, அதில் அணியாகக் கலந்து பேசலாம். கேள்வி முடிவதற்குள் குறுக்கே அழுத்தித் தப்பாகச் சொன்னால் 5 புள்ளி கழியும். அந்தக் கழிவை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் எல்லோரும் கேள்வி தொடங்கும்போதே அழுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டத்துக்குள் மைக்கை அனுப்பி விளையாடுவதும் உண்டு. 1939-ல் வந்த ‘டாக்டர் ஐ.க்யூ.’ நிகழ்ச்சியில் திரையரங்கின் பல மூலைகளில் உதவியாளர்கள் மைக்கோடு நிற்பார்கள். ‘பால்கனியில் ஒரு அம்மா இருக்கிறார், டாக்டர்’ என்று ஒரு குரல் வரும், டாக்டர் ஒரு கேள்வி கேட்பார், சரியாக இருந்தால் வெள்ளி டாலர்கள், தப்பு என்றால் ஸ்பான்சரின் சாக்லேட் பெட்டி. அடுத்த நொடி வேறு மூலையிலிருந்து வேறு குரல். அறிமுகம், பேச்சு, எதுவும் கிடையாது. கூட்டம் வந்து உட்கார்ந்து சூடாகிற முதல் பத்து நிமிடத்துக்கு இது ரொம்ப ஏற்றது.

அதிர்ஷ்டத்தை உள்ளே விடாதீர்கள்

குலுக்கல் முறையில் பரிசு வைக்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். 1939-ல் ‘பாட் ஓ கோல்ட்’ நிகழ்ச்சி அதைத்தான் செய்தது, சக்கரத்தைச் சுற்றி டெலிபோன் புத்தகத்தில் ஒரு எண்ணைப் பிடித்து அழைப்பார்கள், போனை எடுத்தாலே 1000 டாலர். கேள்வியே கிடையாது. 1948-ல் ‘ஸ்டாப் த மியூசிக்’ பாட்டின் பெயர் கேட்டு வீடுகளுக்கு போன் செய்தது. எதிர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபிரெட் ஆலன் என்ற பெரிய நகைச்சுவையாளரின் நேயர்களை அது அள்ளிக்கொண்டு போய்விட்டது. தன் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததால் யாருக்காவது பரிசு தவறினால் 5000 டாலர் வரை ஈடு தருகிறேன் என்று அவர் அறிவித்தும்கூட ஒன்றும் நடக்கவில்லை.

இதெல்லாம் லாட்டரி ஆகாதா என்று ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் எஃப்சிசி 1949-ல் தடை போடப் பார்த்தது, வழக்கு 1954 வரை இழுத்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் பரிசுக்காகக் காசு எதுவும் கட்டுவதில்லை, அதனால் இது லாட்டரி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு குலுக்கலில் பரிசு கொடுத்தால் நீங்கள் நடத்துவது க்விஸ் இல்லை. வம்பு வேண்டாம். அதைவிட, பதில் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்று என்று ஆகிவிட்டால் அந்தப் பத்து விநாடியில் யோசிக்க எதுவுமே இருக்காது.

பெரிய பரிசு என்ன செய்தது

அந்தத் தீர்ப்புக்கு மறு வருடம், 1955 ஜூன் 7 அன்று, பழைய 64 டாலரை ஆயிரத்தால் பெருக்கி ‘64,000 டாலர் கொஸ்டின்’ சிபிஎஸ் டிவியில் வந்தது. லூயிஸ் கோவன் யோசனை, ஹால் மார்ச் நடத்தினார், ரெவ்லான் ஸ்பான்சர். முதல் பெரிய வெற்றியாளர் ரிச்சர்ட் மக்கட்சன் ஒரு மரைன் படை கேப்டன், அவர் எடுத்த துறை சமையல். உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸ் எடுத்தது குத்துச்சண்டை. ஆளுக்கும் விஷயத்துக்கும் பொருத்தமே இல்லாமல் இருந்தது வேண்டுமென்றே செய்தது. இதை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். போட்டியாளரிடம் ‘உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எது’ என்று முன்பே கேட்டு வையுங்கள். கணக்காளர் ஒருவர் பாம்புகளைப் பற்றிப் பதில் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அந்த நிகழ்ச்சியில் கேள்விகளைக் காவலர்கள் புடைசூழ ஒரு வங்கி அதிகாரி கொண்டுவருவார், ஐபிஎம் எந்திரம் கேள்வி அட்டையைப் பிரிக்கும், போட்டியாளரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். பார்த்தால் அப்படி ஒரு பாதுகாப்பு. ஆனால் யாருக்கு எந்தக் கேள்வி போக வேண்டும் என்பது அதற்கெல்லாம் முன்னாலேயே வேறு அறையில் முடிவாகிக்கொண்டிருந்தது. பிடிக்காத ஆளைக் கழற்றிவிடக் கஷ்டமான கேள்வி, பிடித்தவருக்குத் தெரிந்த கேள்வி. ஜாய்ஸ் பிரதர்ஸை வெளியேற்ற நடுவர்களைப் பற்றியெல்லாம் கேட்டார்கள், அந்த அம்மா அதையும் படித்து வைத்திருந்தார்.

அதைவிட மோசமானது 1956 செப்டம்பரில் என்பிசி-யில் தொடங்கிய ‘ட்வென்டி ஒன்’. முதல் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி தடுக்கி விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை, மறுநாளே ஸ்பான்சர் கொதித்துப்போய் போன் செய்தார். அதிலிருந்து தயாரிப்பாளர் டான் என்ரைட் பதில்களை முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கினார். பதிலோடு விடவில்லை. ஹெர்ப் ஸ்டெம்பல் என்பவருக்கு அளவு சரியில்லாத கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் திணற வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வியர்வையைக் கைக்குட்டையால் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். வியர்வை வருவதற்காகக் கூண்டுக்குள் குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய, பார்க்க லட்சணமான சார்லஸ் வான் டோரன் கிடைத்ததும், ஸ்டெம்பல் தோற்க வேண்டும் என்று உத்தரவு. 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்வி. ‘மார்ட்டி’ என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு ரொம்பப் பிடித்த படம் அது. தெரிந்தே தப்பான பதில் சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த இடைவெளி எவ்வளவு மதிப்புள்ளது என்பது என்ரைட்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கேற்ற விளையாட்டு அவரிடம் இல்லை, அதனால் அதை நாடகமாக எழுதிவிட்டார். 1958 மே மாதத்தில் ‘டாட்டோ’ என்ற இன்னொரு நிகழ்ச்சியில், காத்திருந்த ஒரு போட்டியாளர் இன்னொருவரின் நோட்டில் பதில்கள் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டார், அங்கிருந்து எல்லாம் சரிந்தது. வான் டோரன் 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். 1960-ல் ஒளிபரப்பு க்விஸில் மோசடி செய்வதே குற்றம் என்று சட்டம் வந்தது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை. ஒன்று, கேள்விகளை முன்கூட்டியே சோதியுங்கள். போட்டிக்கு வராத மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு ஆறாவது தேறவில்லை என்றால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். ‘ட்வென்டி ஒன்’ முதல் நாளன்று இதைச் செய்திருந்தால் போதும். அப்புறம், சீல் வையுங்கள். அந்த நிகழ்ச்சியின் இன்னொரு போட்டியாளர் ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் செய்ததைப் பாருங்கள், தனக்குக் கொடுத்த பதில்களை நிகழ்ச்சிக்கு முன்பே எழுதி, பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருந்தார். விசாரணையில் அந்த உறையைத் திறந்தபோது மறுத்துப் பேச ஒன்றுமில்லை. நீங்கள் அதையே நல்லதுக்குச் செய்யலாம். கேள்விகளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இரண்டு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கி, அவர்கள் முன்னாலேயே பிரியுங்கள். எந்த உறை எந்த அணிக்கு என்பதை அங்கேயே தேர்ந்தெடுக்கட்டும். காவலர், எந்திரம், கூண்டு எதுவும் வேண்டாம். கேள்வி எழுதியவரின் சொந்தக்காரர் போட்டியில் இருந்தால் அதை மைக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

நடத்துபவர் யார்?

எல்லாம் தெரிந்தவர் தேவையில்லை. 1940-ல் சிகாகோவிலிருந்து வந்த ‘க்விஸ் கிட்ஸ்’ நிகழ்ச்சியில் மேதைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்ட ஜோ கெல்லி பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். குழந்தைகள் சொல்வதைக் கேட்டு அவர் உண்மையாகவே வியந்தார், அதுதான் கேட்டவர்களுக்குப் பிடித்தது. அந்த நிகழ்ச்சியில் குட்டிக் கணித மேதையாக இருந்த ஜோயல் கப்பர்மன் பெரியவராகித் தத்துவப் பேராசிரியர் ஆன பிறகு அந்த நாட்களைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. குழந்தைகளை வைத்து நடத்துகிறீர்கள் என்றால் ஸ்கோரைச் சத்தமாக அறிவிக்காமல் விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் என்றால் 1947-ல் தொடங்கிய ‘யூ பெட் யுவர் லைஃப்’ கேளுங்கள். அதை நடத்திய நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸ் கேள்விக்கே வரமாட்டார், வந்திருப்பவரின் ஊர், வேலை, கல்யாணம் என்று வம்பளந்துகொண்டே இருப்பார். ஒரு மணி நேரம் போல் பதிவு செய்து அரை மணி நேரமாக வெட்டினார்கள், பாட்காஸ்ட் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் தோற்றவரிடம் ‘கிராண்ட் கல்லறையில் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்?’ என்ற வகையில், பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிற ஒரு கேள்வி கேட்டுக் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார். இந்த மாதிரி ஆறுதல் கேள்வி ஒரு பத்து எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை எழுதும்போது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை என்றால் நீளம் அதிகம். ‘யார்’, ‘எந்த’ என்பது முன்னாலேயே வந்து, தகவல் எல்லாம் பின்னால் தொங்கினால் கேட்பவர் குழம்புவார், கேள்விச் சொல்லைக் கடைசியில் வையுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் மைக்கிலிருந்து தள்ளி இருந்தால் அவர் சொன்னதை நடத்துபவர் ஒருமுறை திரும்பச் சொல்லிவிட வேண்டும், ரேடியோக்காரர்கள் இதைத் தவறவே விடமாட்டார்கள். எந்தெந்தப் பதிலை ஏற்பது என்பதைத் தீர்ப்பாளர் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மொத்தம் எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். டாக்டர் ஐ.க்யூ. பாணியில் பத்து நிமிடம், பண்டிதர்களை மாட்டிவிடுவது இருபத்தைந்து, அட்டையைத் தூக்கிக் காட்டும் ஆட்டம் பதினைந்து, மீதி நேரம் ஏணி. பஸர் ஆட்டம் வேண்டும் என்றால் பண்டிதர்களை எடுத்துவிட்டு அங்கே வையுங்கள், இரண்டையும் ஒரே மாலையில் திணித்தால் இரண்டும் கெடும். ஏணியில் இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால் எண் பதிலாக வரும் கேள்வி ஒன்றைக் கேட்டு, இருவரையும் தாளில் எழுதச் சொல்லி, யாருடையது பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு ஜாடியைக் கொடுத்துவிடுங்கள்.